கல்லுக்குப் பின்னால் இறால் தேடிய மிடுன்

லெப்பான் ஆற்றங்கரையில் மிடுனைத் தெரியாதவர் இல்லை. ஹமிடுன் என்ற முழுப்பெயர் அடையாள அட்டையோடு சரி. ஊருக்கு அவர் இறால் மிடுன், முகத்துக்கு நேரே மரியாதையாகப் பாக் மிடுன். இத்தனைக்கும் அவர் ஒரு நாளும் இறால் பிடித்ததில்லை, விற்றதுமில்லை. யார் என்ன நல்ல சேதி கொண்டுவந்தாலும், "இரு, இரு. கல்லுக்குப் பின்னால இறால் இருக்கும்" என்பார். எதற்குப் பின்னாலும் ஓர் உள்நோக்கம் ஒளிந்திருக்கும் என்பதற்கு அந்தப் பக்கத்து மலாய்க்காரர்கள் சொல்லும் வழக்கு அது. மற்றவர்கள் எப்போதாவது சொல்வதை மிடுன் காலைப் பசியாறலுக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நடுவிலேயே நாலு தடவை சொல்லிவிடுவார்.

பக்கத்து வீட்டுக்காரர் டுரியான் பழம் கொடுத்தால் இவர் முதலில் பார்ப்பது பழத்தை அல்ல, கொடுத்தவர் முகத்தை. மகள் சல்வானி வகுப்பில் முதலாவதாக வந்தபோது பள்ளிக்கூடத்துக்கே போய், அன்றைக்குப் பரீட்சைக்கு யார் யார் வரவில்லை என்று விசாரித்துவிட்டு வந்தார். மனைவி ஹஸ்னா குழம்பில் கொஞ்சம் கூடுதலாகக் கறி போட்டால், "என்ன வாங்கணும்?" என்று கேட்பார். பாதி நாள் அவள் ஏதாவது வாங்கத்தான் நினைத்திருப்பாள் என்பதால் அந்த வியாதி தீரவே இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சந்தேகம் வானத்திலிருந்து விழுந்ததும் அல்ல. மிடுனுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு கம்பெனி வந்தது. ஆற்றின்மேல் மரவீடுகள் கட்டி வெளிநாட்டுக்காரர்களைத் தங்க வைக்கப் போகிறோம் என்றது. கொம்பாங் மேளம் முழங்க, யாரோ பெரிய மனிதர் ரிப்பன் வெட்ட, மிடுனின் அப்பா முதலாளியோடு கைகுலுக்கிய படம் பத்திரிகையில் வந்தது. கிழவர் ஆற்றங்கரைத் துண்டு நிலத்தைத் தூக்கிக் கொடுத்தார். தண்ணீரில் தூண்கள் இறங்கின. தூண்களுக்குமேல் பலகை வரவில்லை, முதலாளியும் வரவில்லை. தூண்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றின்மேல் உட்கார்ந்து இறக்கை உலர்த்தும். கிழவர் சாகிற வரைக்கும் அந்தப் பத்திரிகைப் படத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சூடு கண்ட பூனையை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டால் வருமா? மிடுன் அன்றிலிருந்துதான் இறால் மிடுன் ஆனார்.

வேலையும் அதற்கேற்ற வேலைதான். வடிகால் இலாகாவில் மதகு காவலாளி. வயலுக்குத் தண்ணீர் விடும் கதவைத் திறப்பதும் அடைப்பதும். சும்மா கிடக்கிற தண்ணீரையும் நம்பக் கூடாது என்று சம்பளம் கொடுத்துச் சொல்லிக்கொடுத்த உத்தியோகம். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபிறகு, தண்ணீர்மேல் இருந்த கண் மனிதர்கள்மேல் திரும்பிவிட்டது.

இப்படிப்பட்டவர் காதில்தான் ஊர்த்தலைவர் ஷுக்கோர் அந்தச் சேதியைப் போட்டார். ஊர் மண்டபத்தில் கூட்டம். கிராமத்து வீடுகளில் சுற்றுப்பயணிகளைத் தங்கவைக்கும் திட்டம். தலைநகரத்துப் பயணக் கம்பெனி ஒன்று ஆள் கொண்டுவரும். ஊர்க்காரர்கள் வீடும் சாப்பாடும் கொடுப்பார்கள். மாநிலச் சுற்றுலா இலாகா ஆற்றில் படகுத்துறை கட்டப் பணம் ஒதுக்கும். ஆனால் அதற்குமுன் ஊர் முகம் வெளியே தெரிய வேண்டும், அதாவது டிவியில் வர வேண்டும்.

"துறை எதுக்கு?" என்றார் மிடுன்.

"படகு வந்து நிக்க."

"படகு எதுக்கு?"

"டூரிஸ்ட் வர்றதுக்கு, பாக் மிடுன்."

"டூரிஸ்ட் எதுக்கு வர்றான்?"

"நம்ம ஊரைப் பாக்கத்தான்!"

"நம்ம ஊர்ல என்ன இருக்கு? பொறந்ததுலேருந்து நானும் பாக்குறேன், எனக்கு ஒண்ணும் தென்படலியே. அவனுக்கு என்ன தென்படுதாம்?"

மண்டபமே சிரித்தது. ஷுக்கோர் சிரிக்கவில்லை. அவருக்கு மிடுனின் வீடு வேண்டும். செதுக்கு வேலைப்பாடு உள்ள படிக்கட்டோடு, கட்டைக்கால்களின்மேல் நிமிர்ந்து நிற்கிற பழைய வீடு ஊரில் அது ஒன்றுதான். அந்த வீடு இல்லாமல் டிவிக்காரன் கேமராவைத் திறக்கமாட்டான்.

மிடுன் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யோசித்தார். வெளியே நின்றால் ஏமாற்றுகிறார்கள் என்றுகூடத் தெரியாமல் ஏமாற வேண்டியிருக்கும், உள்ளே போய் உட்கார்ந்தால் கண்ணால் பார்க்கலாம் என்று முடிவு செய்தார். வீட்டைக் கொடுத்தார். கூடவே தன்னையும் குழுவில் சேர்க்கச் சொன்னார். பதவி என்ன என்று கேட்டார்கள். "பாத்துக்கிட்டிருக்கிற வேலை" என்றார்.

பார்த்துக்கொண்டேதான் இருந்தார். பயணக் கம்பெனி ஆள் சிரித்தால் ஏன் சிரிக்கிறான், சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறான். அந்த ஆள் பாவம், ஊருக்கு வரும் நாளில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று காரிலேயே பழகிக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள்.

இந்தத் திட்டம் நடக்கிற மற்ற ஊர்களில், வருகிறவர்களுக்கு மிகவும் பிடித்தது விளையாட்டுக் கல்யாணம். தங்க வந்த ஜப்பான்காரரையோ ஜெர்மன்காரரையோ சரிகைத் துணியில் சுற்றி, பெலாமின் என்கிற மணமேடையில் ராஜா ராணிபோல உட்காரவைத்து, மஞ்சள் அரிசி தூவி, நெய்ச்சோறு போட்டு அனுப்புவார்கள். உட்காரவைப்பதோடு சரி. பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளை கையைப் பிடித்து வாக்குக் கொடுக்கிற சடங்கின் பக்கம் யாரும் போகமாட்டார்கள். அது மார்க்கத்து விஷயம்.

டிவியிலிருந்து வந்த இயக்குநர் ஃபாரா, இளம்பெண், கெட்டிக்காரி. அவளுக்கு அந்தச் சடங்கும் வேண்டியிருந்தது. ஆனால் ஜாக்கிரதைக்காரி. மணப்பெண்ணாகத் தலைநகரத்து நடிகை, மாப்பிள்ளையாக ஒரு மாடல், அப்பாவாக ஒரு நாடகக்காரர், பொய்ப் பெயர்கள், பாதியோடு நிறுத்திவிடும் வாக்கியம், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹருக்குப் பொம்மை நோட்டுகள். எல்லாம் திட்டமாக வைத்திருந்தாள்.

மிடுன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்.

"நடிகை எதுக்கு? எங்க வீட்டுப் பேரைச் சொல்லி எவளோ ஒருத்தியக் காட்டுவீங்க. நாளைக்கு அவ எங்கயாவது ஆடுவா. மிடுன் வீட்டுப் பொண்ணு ஆடுறான்னு சொல்வான். என் வீட்டுல என் பொண்ணுதான்."

சல்வானி முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். பாலர் பள்ளியில் டீச்சர். அப்பா சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு உடை மாற்றப் போனாள்.

"சரி, மாப்பிள்ளையாவது..." என்றாள் ஃபாரா.

"அந்த மாடலா? சிரிப்பே சரியில்ல. என் பொண்ணு பக்கத்துல அவன் உக்காரப்படாது. ஊர்ப் பையனா பாருங்க."

ஊர்ப் பையன்களில் சரிகைச் சட்டை பொருந்தியது ஒருவனுக்குத்தான். படகோட்டி ஜஃப்ரி. மிடுனுக்கு முகம் சுருங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவனுடைய அம்மா வெற்றிலைத் தட்டோடு படியேறி வந்து சல்வானியைக் கேட்டவள். படகோட்டிக்குப் பெண் எதற்கு, பெண்ணோடு வருகிற மிச்ச ஆற்றங்கரைதானே வேண்டும் என்று மிடுன் அன்றே கண்டுபிடித்துவிட்டார். "விசாரிச்சுச் சொல்றேன்" என்று தட்டைத் திருப்பி அனுப்பினார். அந்த விசாரணை இன்னும் முடியவில்லை. அவனுக்கு முன்னால் வந்த வரன்களின் விசாரணைகளும்தான். ஆனால் தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பேயே மேல் என்று இதற்கு ஒப்புக்கொண்டார்.

"பேரை மாத்திக்கலாம் பாக் சிக். ரோஸ்னு வெச்சுக்கலாம்" என்றாள் ஃபாரா, மாமா முறை வைத்து.

"ஏன் மாத்தணும்? பேரை மாத்தினா ஊரையும் மாத்துவீங்க. அப்புறம் எங்க வீட்டைக் காட்டி வேற ஊர்னு சொல்லி, துறையையும் அங்க கட்டிடுவாங்க. சல்வானி. ஹமிடுன் மகள் சல்வானி."

"அப்பா வேஷத்துக்கு ஆள் வந்திருக்காரு..."

"நான் உசுரோட இருக்கேன்ல?"

சாட்சிகளாக நின்ற படக்குழுப் பையன்களைத் துரத்திவிட்டு, பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பிலால் ஹாசிமையும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஊரில் அவருக்குச் சந்தேகம் குறைவாக இருந்தது அவர்கள் இரண்டு பேர்மேல்தான். பொம்மை நோட்டைப் பார்த்ததும், "கள்ள நோட்டு! டிவியில காட்டி என்னை உள்ள தள்ளவா?" என்று கத்தினார். ஜஃப்ரி தன் பையிலிருந்து நிஜ நோட்டுகளை எடுத்து மஹர் தட்டில் வைத்தான். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. பாதி பேச்சை வைத்துக்கொண்டு மீதியை அவர்கள் இஷ்டத்துக்கு ஒட்டிவிடுவார்களாம்.

ஃபாரா தலையில் கைவைத்தாள். "பாக் சிக், இது நாடகம்."

"அதான் பயமா இருக்கு" என்றார் மிடுன்.

கேமரா ஓடியது. மிடுன் ஜஃப்ரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜஃப்ரி, என் மகள் சல்வானியை இந்த மஹருக்கு உனக்கு மணமுடித்துத் தந்தேன்" என்றார். ஜஃப்ரி ஒரே மூச்சில், "அவளை மணமுடிக்க ஏற்றுக்கொண்டேன்" என்றான். நிஜ மாப்பிள்ளைகள் நாக்குக் குழறி மூன்று தடவை சொல்வார்கள். இவன் குழறவில்லை. பழக்கதோஷத்தில் பிலால் ஹாசிம், "செல்லும்" என்றார். தலைமையாசிரியரும் "செல்லும்" என்றார். இன்னொரு தடவை எடுக்கலாம் என்றாள் ஃபாரா. "எதுக்கு ரெண்டு? எதை வெட்டுவீங்க?" என்று மிடுன் எழுந்துவிட்டார். போகிற போக்கில் தட்டிலிருந்த நோட்டுகளை அள்ளி மகள் கையில் கொடுத்தார். "படக்குழு ஆளுங்க கண்ணுல படாம உள்ள வெச்சுப் பூட்டு." அவளும் பூட்டி வைத்தாள். அப்புறம் எல்லாரும் அதை மறந்துபோனார்கள்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான சாயங்காலம் ஊர் மண்டபத்தில் பெரிய திரை கட்டினார்கள். மிடுன் முன்வரிசையில், என்னென்ன திருடியிருக்கிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தார். எதுவும் திருடு போகவில்லை. வீடு வந்தது, படிக்கட்டு வந்தது, ஆறு வந்தது, ஊர்ப் பெயரும் எழுத்துப் பிசகாமல் வந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது. அப்புறம் அவர் முகமே அவ்வளவு பெரிதாகத் திரையில் வந்து, "என் மகள் சல்வானியை உனக்கு மணமுடித்துத் தந்தேன்" என்றது.

மிடுனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைப் பேச்சில் எத்தனையோ தடவை கேட்ட விஷயம். மூன்று காரியங்களில் விளையாட்டும் வினையாகும். கல்யாணம், மணவிலக்கு, விலக்கியவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது. வாயால் சொன்னால் சொன்னதுதான். அவர் விரலை மடக்கினார். பெண், மாப்பிள்ளை, பெண்ணின் சொந்தத் தகப்பன், நம்பகமான இரண்டு சாட்சி, நிஜப் பெயர், நிஜ மஹர், முழு வாக்கு. மடக்க விரல்தான் பாக்கி இருந்தது, குறை எதுவும் பாக்கி இல்லை. ஊரில் ஒருவரையும் நம்பாத மனிதர் தன் வாயை மட்டும் நம்பியிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

இருட்டில் தட்டுத்தடுமாறி பிலால் ஹாசிமிடம் போனார். "ஹாசிம், அன்னிக்கு நீ 'செல்லும்'னு சொன்னியே, அது நெஜமாவே செல்லுமா?"

ஹாசிம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னிக்கே எனக்கும் இந்தச் சந்தேகம் வந்துச்சு, மிடுன். நீ இருந்த கோபத்துல உங்கிட்ட யாரு சொல்றது?"

மறுநாள் காலையில் மிடுன் நேராகப் படகுக்குப் போனார். ஜஃப்ரி எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எத்தன நாளாடா திட்டம் போட்டே?"

"என்ன திட்டம் பாக் மிடுன்? கூப்பிட்டீங்க, வந்தேன். சட்டையப் போடுன்னீங்க, போட்டேன். சொல்லுன்னீங்க, சொன்னேன்."

"நாக்குக் கொழறாம சொன்னியே! பழகாம வருமா அது?"

ஜஃப்ரி துணியைக் கீழே வைத்தான். "ரெண்டு வருஷமா மனசுக்குள்ள சொல்லிப் பாத்தது. எப்படிக் கொழறும்?" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "ஆனா அன்னிக்கு நான் நாடகம்னு நெனச்சுத்தான் சொன்னேன். சத்தியம். உங்களுக்குப் பயமா இருந்தா சொல்லுங்க. விலக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன். அதோட முடிஞ்சுது."

மிடுனுக்கு ஒரு கணம் நிம்மதி வந்தது. அடுத்த கணம் அது போய்விட்டது. அவன் விலக்கினால் சல்வானி என்ன ஆவாள்? மேடையில் உட்காராமலே, ஒரு வேளைச் சோறு சேர்ந்து சாப்பிடாமலே, மணவிலக்கானவள் ஆவாள். ஊர்க் கடையில் நாக்குகள் நீளும். அவன் விலக்காவிட்டாலோ, அவளுக்கே தெரியாமல் அவன் மனைவி. இரண்டில் எது ஆனாலும் அதைச் செய்தது இவர் வாய். "நீ வாயைத் தொறக்காதே! எதையும் சொல்லித் தொலைக்காதே!" என்று கத்திவிட்டுத் திரும்பினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு அழுகை வந்தது. பழியை ஆற்றங்கரை ஈரக்காற்றின்மேல் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் ஷுக்கோர் காத்திருந்தார். சேதி காற்றாய்ப் பறந்திருந்தது.

"பாக் மிடுன், சமய இலாகாவுக்கு மட்டும் போயிடாதீங்க. அங்க போனா விசாரணைம்பான். விசாரணைன்னா டிவிக்காரன் வீடியோவத் தூக்கிடுவான். வீடியோ போச்சுன்னா துறை போச்சு. மாநிலத்துலேருந்து ஆள் அளக்க வரப்போற நேரத்துல..."

"அப்ப என் பொண்ணு?"

ஷுக்கோர் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க. பையன் நல்ல பையன். இதையே நெஜமாக்கிடுங்க. கம்பெனிக்கிட்டயும் பேசிட்டேன். விளையாட்டுக் கல்யாணம் நெஜக் கல்யாணமாச்சுன்னு ரெண்டாவது பாகம் எடுக்கறாங்களாம். செலவெல்லாம் அவங்களோடது."

மிடுன் கோப்பிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். "பாத்தியா ஹஸ்னா! கல்லைப் பொரட்டினேன், இறால் தல காட்டுது."

"போதும் பாங்" என்றாள் ஹஸ்னா. புருஷனைப் பாங் என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் அப்படி அவள் குரல் உயர்ந்து மிடுன் கேட்டதே இல்லை. "ஊர் முழுக்க இறால் தேடினீங்க. நம்ம சட்டியில என்ன வேகுதுன்னு ஒரு நாள் பாத்தீங்களா? புள்ள நேத்துலேருந்து சோத்தத் தொடல."

சல்வானி அறைக் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். மிடுன் அவளைப் பார்த்தார். இவளும் சேர்ந்து செய்த வேலையோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்காக அவருக்கே வெட்கமாக இருந்தது, இருந்தாலும் நினைப்பு போகவில்லை.

சமய இலாகா அதிகாரி உஸ்தாஸ் கைரி வீடியோவைத் தன் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தார். எதிரே, ஷுக்கோர் தடுத்தும் கேளாமல் வந்த மிடுன், ஹஸ்னா, சல்வானி. சற்றுத் தள்ளி ஜஃப்ரி.

"நானும் எத்தனையோ நெஜக் கல்யாணம் பாத்துட்டேன்" என்றார் உஸ்தாஸ். "இவ்வளவு ஒழுங்கா யாரும் பண்ணினதில்ல. நாடகத்துல ஏன் பொண்ணோட நெஜப் பேரு?"

"டிவிக்காரங்க மேல சந்தேகம் உஸ்தாஸ்."

"நீங்களே ஏன் கை பிடிச்சீங்க?"

"அந்த நாடகக்காரன்மேல சந்தேகம்."

"சாட்சி? மஹர்?"

"சந்தேகம்தான்."

"மஹர் இப்ப எங்க?"

"என் அலமாரியில" என்றாள் சல்வானி. அந்த அறையில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

உஸ்தாஸ் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லார்கிட்டயும் எல்லாத்தையும் கேட்டிருக்கீங்க, பாக் மிடுன். பொண்ணுகிட்ட கேட்டீங்களா? உனக்குச் சம்மதமான்னு?"

"அது நாடகம்தானே உஸ்தாஸ்..."

"நாடகத்துக்குச் சொல்லல. ரெண்டு வருஷத்துக்கு முந்தி இந்தப் பையன் வீட்டுலேருந்து தட்டு வந்துச்சுன்னு சொன்னீங்களே, அப்ப கேட்டீங்களா? அதுக்கு முந்தி வந்தவங்களுக்கு?"

மிடுன் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். வரன்களின் வேலையிடத்தில் விசாரித்திருக்கிறார், பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறார், ஒருவனுடைய பல் மருத்துவரிடம்கூட விசாரித்திருக்கிறார். ஒரே கூரைக்கடியில் இருந்தவளிடம் விசாரிக்கவில்லை. அவள்மேல் நம்பிக்கை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அது நம்பிக்கை அல்ல, மறதி. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது அவருக்குப் புரிந்தது.

"இது செல்லுமா செல்லாதான்னு கோர்ட்டுதான் சொல்லணும். ஆனா அங்க மொதல்ல கேக்கப்போறது இவங்களத்தான்" என்றார் உஸ்தாஸ். "அதுக்கு முந்தி நீங்க ஒரு தடவ கேட்டுடுங்க. தகப்பன்."

மிடுன் மகள் பக்கம் திரும்பினார். மதகுக் கதவைத் திருகித் திறந்த கைகளை மடியில் கோத்துக்கொண்டார். "சல்வானி. இந்தப் பையன... உனக்குச் சம்மதமாம்மா?"

சல்வானி தலையை உயர்த்தி அறையின் மூலைகளைப் பார்த்தாள். கூரை விசிறிப் பக்கம் பார்த்தாள், அலமாரி மேலே பார்த்தாள். உஸ்தாஸின் மேசையில் கிடந்த கைப்பேசியைக் குப்புறத் திருப்பி வைத்தாள்.

"என்னம்மா தேடுறே?"

"கேமரா" என்றாள். "இப்ப ஏன் அபா கேக்குறீங்க? துறைக்காகவா? இல்ல, நான் சம்மதம்னு சொன்னா நானும் சேந்து திட்டம் போட்டேன்னு சொல்லறதுக்கா? கல்லுக்குப் பின்னால என்ன இருக்கு?"

அவ்வளவு நாளும் ஊருக்கு அவர் கொடுத்துவந்ததை மகள் ஒரே பேச்சில் அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். சொந்தப் பிள்ளைக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை. அதைக் கற்றுக்கொடுத்ததும் தானே.

"ஒண்ணும் இல்லம்மா" என்றார். "கல்லும் இல்ல, இறாலும் இல்ல. தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

சல்வானி அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். டுரியான் கொடுத்தவர் முகத்தை அவர் பார்ப்பாரே, அதே பார்வை. பிறகு உஸ்தாஸிடம் திரும்பினாள்.

"அன்னிக்கு எனக்கு அது வெளையாட்டு உஸ்தாஸ். என்னை யாரும் கேக்கல, நானும் யாருக்கும் சம்மதம் சொல்லல. கோர்ட்டுலயும் இதத்தான் சொல்வேன். அந்தப் பணத்தத் திருப்பிக் கொடுத்துடறேன்."

ஜஃப்ரி தரையைப் பார்த்தான்.

"ஆனா அபா, அவங்க அம்மாவ மறுபடியும் வெத்தலத் தட்டோட வரச் சொல்லுங்க. இந்தத் தடவ தட்டை நீங்க வாங்க வேணாம். நேரா எங்கிட்ட குடுக்கட்டும்."

அந்தக் கல்யாணம் கல்யாணமே அல்ல என்று கோர்ட்டு சொல்லச் சில மாதங்கள் ஆயின. அதுவரைக்கும் மிடுன் தாடியைச் சொறிந்துகொண்டே திரிந்தார். ஷுக்கோர் பயந்ததுபோலவே டிவிக்காரர்கள் அந்தக் காட்சியை வெட்டினார்கள். ஆனால் மிச்ச நிகழ்ச்சியே போதும் என்று படகுத்துறைக்குப் பணம் வந்தது. தூண் இறக்கிய நாள் முழுக்க மிடுன் கரையில் நின்றார். சாயங்காலம் ஒவ்வொரு தூணையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மேலே பலகை போட்ட பிறகும் தட்டினார். அந்த வியாதிக்கு மருந்து இல்லை, நல்லவேளையாக.

நிஜக் கல்யாணத்தன்று படிக்கட்டின் அடியில் ஒரு பெரிய அரிசிக் கூடை வைத்தார். வந்தவர்கள் எல்லாரும் கைப்பேசியை அதில் போட்டுவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். ஊர்த்தலைவரும் போட்டார், முணுமுணுத்துக்கொண்டே. புதுத் துறையில் இறங்கிய வெளிநாட்டுத் தம்பதி ஒன்று மேளச் சத்தம் கேட்டுக் கேமராவோடு ஓடிவந்தது. மிடுன் வழிமறித்தார். "இது ஒத்திகை. நல்லதை டிவியில பாத்துக்குங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

உள்ளே எல்லாம் தயார். ஜஃப்ரி கையை நீட்டினான். மிடுன் பிடிக்கவில்லை. எழுந்து திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போனார்.

"சம்மதமாம்மா?"

"சம்மதம் அபா."

திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்து போனார்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான் அபா."

கூட்டம் சிரித்தது. பிலால் ஹாசிம் கடிகாரத்தைப் பார்த்தார். மிடுன் ஜஃப்ரியின் கையைப் பிடித்தார், விட்டார், மூன்றாவது முறையாக எழுந்தார். இந்தத் தடவை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சல்வானி திரையை விலக்கி, அவர் முரட்டுக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

"போங்க அபா" என்றாள். "பின்னால ஒண்ணும் இல்ல. நான் பாத்துட்டேன்."